தீவில் நான் பிடித்த கயிறு

பதுளை டவுனில் ஒரே ஒரு ஊசியை வைத்துக்கொண்டு படங்குக் கடை தொடங்கியவன் நான். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சின்னப் படங்கு முதல் மழைக்கு மரக்கறி லொறியை மூடும் பெரிய படங்கு வரைக்கும், ஊவா மாகாணத்தில் என் தையல் போகாத தோட்டம் இல்லை.

தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன் மாடி வீடு கட்டினேன். இரண்டு தடவை மண் சரிந்த இடத்தில், இங்கே ஒன்றும் நிற்காது என்று படித்தவர்கள் கைவிரித்த இடத்தில், நானே கல் பொறுக்கி மதில் எழுப்பினேன். இன்றைக்கும் நிற்கிறது. நான் பிறந்த லயத்துக்கு ஏறும் சறுக்குப் பாதையில் படி வெட்டிக் கொடுத்தேன். மகளைப் படிக்க வைத்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பாதி முந்திய வாரங்களில் எழுதியதுதான். திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வாரம் எழுதப்போவதும் நான் கட்டிய ஒன்றைப் பற்றித்தான். ஆனால் அதற்கான பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் என் சம்பந்தி.

முழங்கால் தண்ணீரில் எட்டுப் பேர்

கிழக்குக் கரையில் ஒரு சின்னத் தீவு. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த மாதமே அங்கே கொத்து ரொட்டிச் சத்தம் கேட்கும். கரையிலிருந்து மோட்டார் படகில் இருபது நிமிஷம். தீவை ஒரு சுற்று நடந்து வர, வாயில் போட்ட வெற்றிலை மென்று முடிவதற்குள் ஆகிவிடும். கடை இல்லை, கட்டிடம் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. முழங்கால் உயரப் புதர்களும் முதுகில் ஓட்டைச் சுமந்து நடக்கும் நண்டுகளும்தான். மணல் என்று சொல்வது நொறுங்கிய பவளம். செருப்பைக் கழற்றினால் சீனி மேல் நடப்பதுபோல் நறநற என்கிறது.

அந்தக் கரையில், முழங்கால் தண்ணீரில், எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். பூனாகலை தோட்டத்துப் பெண்கள். என் மனைவி லெட்சுமியின் அக்கா மாரியாயி மதினியும் அவரோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்களும். சேலைக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. நெற்றியில் நீச்சல் கண்ணாடி. காதோரம் மூச்சுக் குழாய். ஒருவரும் ஓர் அடி நகரவில்லை.

அவர்களுக்கு முன்னால் சம்பந்தி சிவலிங்கம் மாஸ்டர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். எழுபது வயது மனிதர். வயிற்றில் இளவெயில் பட, ஏதோ சொந்தக் கட்டிலில் படுத்திருப்பதுபோல.

"பாருங்கம்மா, ஒண்ணுமே செய்யத் தேவையில்ல. ஒடம்ப அப்பிடியே விட்டுடணும். கடல் நம்மளத் தூக்கும்" என்றார்.

"ஒங்களத் தூக்கும் வாத்தியாரே. ஒங்களுக்கும் அதுக்கும் பழக்கம் இருக்கு. எங்கள அது முன்னப்பின்ன பாத்ததில்லையே" என்றார் மதினி.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் கவிழ்ந்தார், முங்கினார், எங்கேயோ தூரத்தில் எழும்பினார். குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு மீனு. கத்திரிப்பூக் கலரு, வாய் மட்டும் மஞ்சள். பாறையக் கடிச்சித் திங்குது. கடிக்கிற சத்தம் தண்ணிக்குள்ள கேக்குதுங்க."

என் லெட்சுமி கன்னத்தில் கை வைத்தாள். "மீனு கடிக்கிற சத்தமா? நெசமாவாண்ணே?"

நாற்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்துகிறவள். அவளிடம் நான் எத்தனை சங்கதி சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அப்படிக் கன்னத்தில் கை வைத்து நெசமாவா என்று கேட்டதில்லை.

வாசகர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. பொறாமைதான்.

கல்யாணக் கார்டு

சம்பந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். என் மகள் கலா அவர் வீட்டு மருமகள். அவளை ஒரு சொல் சொன்னதில்லை. பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான் அவரும். ஆனால் அவர் கையில் புத்தகம் கிடைத்தது, என் கையில் மண் கொத்தும் முள்ளுக்கரண்டி கிடைத்தது.

கலாவின் கல்யாணக் கார்டு அச்சடித்து வந்தபோது பார்த்தேன். அவர் பெயருக்குக் கீழே 'ஓய்வுபெற்ற அதிபர்' என்று இருந்தது. என் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை.

"படங்கு வியாபாரின்னு போட்டிருக்கலாமே" என்று லெட்சுமியிடம் சொன்னேன்.

"கல்யாணக் கார்டுல படங்கு எதுக்குங்க?" என்றாள்.

எதுக்கு என்று கல்யாணத்தன்றைக்குத் தெரிந்தது. தாலி கட்டும் நேரத்தில் பதுளை மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். பந்தலுக்கு மேலே நான் இழுத்துக் கட்டியிருந்த படங்கிலிருந்து மணவறையில் ஒரு சொட்டு விழவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் என்ன சொல்லிக்கொண்டு போனார்கள் தெரியுமா? மாஸ்டரின் வரவேற்புரை அருமை என்று.

தீவுப் பயணத்தை ஏற்பாடு செய்ததும் கலாதான். "ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் ஒருக்கா சேந்து கடலப் பாத்துட்டு வாங்கப்பா" என்றாள். அவளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்கவில்லை. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி. வேனில் இடம் இருந்தது. மதினியின் கூட்டத்தை ஏற்றிக்கொண்டேன். கரையில் ஓர் இரவு தங்க முதல் நாளே புறப்பட்டோம். வேன் என்னுடையது. முன் சீட்டில் உட்கார்ந்தது சம்பந்தி. பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வருமாம். மொனராகலை தாண்டும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே கை காட்டி, இது கரும்பு, அது ரப்பர், இது இன்ன காலத்தில் வந்தது என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தார். பெண்கள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் என் சொந்த வேனில் மூன்றாவது சீட்டில் கயிற்றுச் சுருளின் மேல் காலை வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கயிற்றுச் சுருளுக்கும் புறப்படும்போதே பேச்சு வாங்கியிருந்தேன். "கடலுக்குப் போறப்பவும் கயிறா? யாரக் கட்டி இழுக்கப் போறீங்க?" என்று லெட்சுமி கேட்டாள். எங்கே போனாலும் ஒரு சுருள் கயிறும் ஒரு மடிப்புப் படங்கும் இல்லாமல் நான் போனதில்லை. தொழில் பழக்கம்.

நமுனுகுல மலையிலிருந்து தெரிந்த கோடு

கடலுக்கும் எனக்கும் பழைய பாக்கி ஒன்று உண்டு.

பத்து வயது இருக்கும். நமுனுகுல மலையின் மேல் பக்கத்தில் புல் வெட்டப் போன பெரியவர்களோடு நானும் போயிருந்தேன். முதல் நாள் மழை பெய்து ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கிழக்கே வெகு தூரத்தில், தகரத்தை நறுக்கிப் போட்டதுபோல் ஒரு மெல்லிய கோடு மினுங்கியது. அதுதான் கடல் என்றார்கள். மேகம் வந்து மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நாள் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவேன் என்று நினைத்தேன். பிறகு வேலை, கடை, குடும்பம். கொழும்பில் கடலைப் பார்த்தேன். ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்த கடல் எல்லாம் ஒரு கடலா.

சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா? வாத்தியார் பயிற்சிக்கு மட்டக்களப்புப் பக்கம் போன காலத்தில் அதே கடலில் இறங்கி நீந்தப் பழகிவிட்டார். நான் மலை உச்சியிலிருந்து பார்த்த கோட்டில் அவர் சவர்க்காரம் போட்டுக் குளித்திருக்கிறார்.

சவர்க்காரம்

சவர்க்காரம் என்றதும் நினைவு வருகிறது. தீவில் இறங்கியவுடன் மதினியும் மற்றப் பெண்களும் மணலில் உட்கார்ந்து, ஒரு பையிலிருந்து துணி சோப்புத் துண்டை எடுத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் தேய்க்கத் தொடங்கினார்கள். படகுக்காரத் தம்பி ரிஸ்வான் ஓடி வந்தான். கரையோரக் கிராமத்துப் பிள்ளை, நல்ல பையன்.

"என்ன பெரியம்மா செய்றீங்க?"

"அட்டை ஏறாம இருக்கத் தம்பி. மழைக் காலத்துல மலைக்கு ஏற முந்தி நாங்க இப்பிடித்தான் பூசுவோம்."

"இது கடல் பெரியம்மா. முழுக்க உப்பு. அட்டை இஞ்ச வந்தாச் செத்துப்போகும்."

"சாகட்டும். செத்துப்போக முந்தி ஒரு கடி கடிச்சிட்டா?"

ரிஸ்வான், சவர்க்காரம் பவளத்துக்கு ஆகாது என்று கெஞ்சி, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி எல்லோரையும் கால் கழுவ வைத்தான். மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. படகு ஏறும் முன்பே மறைவாக என் காலிலும் பூசியிருந்தேன். ஒரு பக்கமாகப் போய்க் கழுவிக்கொண்டேன்.

அப்புறம் ரிஸ்வான் விதிகளைச் சொன்னான். "கல்லு மாதிரித் தெரியிறது எல்லாம் கல்லில்ல, உசிரு. கால் வெச்சாச் செத்துரும். மிதந்துதான் பாக்கணும். நீரோட்டம் லேசா அந்தப் பக்கம் இழுக்கும், பயப்படாதீங்க."

இழுக்கும் என்ற சொல் போதும். எட்டுப் பேரும் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டார்கள்.

நான் மட்டும் துணிந்து முயற்சி செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். குழாயைக் கடித்தேன், குனிந்தேன், பழக்க தோஷத்தில் மூக்கால் மூச்சை இழுத்தேன். உப்புத் தண்ணீர் மூளை வரைக்கும் ஏறியது. மாஸ்டர் வந்து என் முதுகில் தட்டினார். எட்டுப் பெண்களும் லெட்சுமியும் பார்த்துக்கொண்டிருக்க, சின்னப் பிள்ளைக்குத் தட்டுவதுபோல் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது.

நெரை போட்டேன்

"எங்க வேணும்னாலும் போங்கம்மா. கடல் பூரா ஒங்களுக்குத்தான்" என்று மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்து இருமிக்கொண்டே நான் அந்த எட்டுப் பேரையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே சரியாக ஒரே இடைவெளி. யாரும் யார் பக்கமும் சாயவில்லை. இந்த நிற்பை நான் எங்கே பார்த்திருக்கிறேன்?

"என்ன மதினி, மரமாட்டம் நிக்கிறீங்க?"

"எங்கிட்டுப் போறது தம்பி? வாத்தியாரு கடல் பூராங்கிறாரு. நெரை தராம மலையில எறங்கச் சொன்னா எறங்குவமா?"

மதினி விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது.

காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணி, இன்றைக்கு இன்ன மலை, உனக்கு இந்த நெரை என்று கங்காணி சொல்வார். நெரை என்றால் தேயிலைச் செடி வரிசை. அவரவருக்கு ஒரு நெரை. அதில் நுழைந்தால் கடைசி வரைக்கும் அதிலேயே போக வேண்டும். நாற்பது வருஷம் அப்படி நடந்த கால்கள் அவை. அந்தக் கால்களைப் பார்த்து எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்றால் எப்படிப் போகும்? நாற்பது வருஷம் பாடம் நடத்திய மாஸ்டருக்கு இது தோன்றவில்லை. நாலாம் வகுப்புக்காரனுக்குத் தோன்றியது.

கயிற்றுச் சுருளை எடுத்தேன். ரிஸ்வானைக் கூப்பிட்டு, பவளங்களுக்கு நடுவே வெறும் மணலாக ஓடும் ஒரு பாதையைக் காட்டச் சொன்னேன். அதன் கோடியில் படகை நங்கூரம் போட வைத்து, கயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டினேன். நாலு முழத்துக்கு ஒரு முடிச்சு. கை நழுவாத முடிச்சு. லொறிப் படங்குக்கு நான் போடும் அதே முடிச்சு.

மறுமுனையைக் கட்ட ரிஸ்வான் மணலில் ஒரு கட்டை அடித்தான். ஓர் இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. புதரில் கட்டினோம். வேரோடு வந்தது.

"ஒரு ஆள் புடிச்சாத்தான் சரி வரும் ஐயா" என்றான்.

படங்கை மடித்து இடுப்பில் சுற்றினேன், கயிறு அறுக்காமல் இருக்க. அதன்மேல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, குதிகாலை மணலுக்குள் புதைத்து நின்றேன்.

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடியே லெட்சுமி, ஓம் புருசன் படங்கு கட்டி வந்திருச்சி. கூடையக் குடுங்கடி."

"எடை கொறஞ்சா ஏசுவாங்கன்னு சொல்லுக்கா" என்றாள் லெட்சுமி.

மதினி கரையில் நின்று பெரட்டுப் போட்டார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் இருக்கேன் என்றார்கள். ஒன்பதாவதாக லெட்சுமியும் போய் நின்றாள். ஆளுக்கொரு முடிச்சு. இடது கை கயிற்றில் முடிச்சு முடிச்சாக மாறி, முகம் தண்ணீரில். அப்படியே மிதந்து, கால் ஒன்றும் கீழே படாமல், நெரை பிடித்துப் போவதுபோல் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

மாஸ்டர் பக்கத்தில் நீந்திக்கொண்டே போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுப் படம் பிடித்தார்.

எனக்குத் தெரிந்தது ஒன்பது ஆரஞ்சு முதுகுகளும் ஒன்பது குழாய்களும். கொஞ்ச நேரத்தில் குழாய்களிலிருந்து ஊ ஊ என்று சத்தம் வந்தது. வாயில் குழாயை வைத்துக்கொண்டே ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிவிட்டார்கள். மலையில் பேசாமல் எப்போது வேலை செய்தார்கள், கடலில் பேசாமல் இருக்க.

இடுப்பில் கயிறு துடிக்கும். யாரோ ஒருத்தி எதையோ பார்த்துவிட்டாள் என்று தெரியும். என்ன பார்த்தாள் என்று தெரியாது. சில நேரம் ஒன்பது துடிப்பும் ஒன்றாக வரும். அப்போது நான் எட்டி எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் மேல் வெயில்தான் பளபளத்தது.

மூன்று தடவை போய் வந்தார்கள்.

பார்த்தவர்கள் சொன்னது

"ஆமை தம்பி, ஆமை. நம்ம கூடையாட்டம் பெருசு. என்னைய ஒரு பார்வை பாத்திச்சி. தொரை பாக்கிற மாதிரி" என்றார் மதினி.

"கீழ ஒரு தோட்டமே இருக்குங்க. கவ்வாத்து வெட்டாத தோட்டம். ஊதா, மஞ்ச, பச்ச. நீங்க பாக்கணுமே" என்றாள் லெட்சுமி. அவள் மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடியின் தடம் சிவந்திருந்தது. முகம் இருபது வயது குறைந்திருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். ஒன்பது பேர் மேலும் பொறாமையாக இருந்தது. மீன் மேல்கூட.

அப்போது மாஸ்டர் வந்தார். "குடுங்க சம்பந்தி, கயித்த நான் புடிக்கிறேன். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

"பதுளை மார்க்கெட்டுல நான் பாக்காத மீனா?" என்றேன்.

"அது செத்த மீனுங்க. வாங்க, மொத முடிச்சுல நீங்க, பின்னால லெட்சுமி தங்கச்சி."

"வேணாம்."

"ஏங்க பிடிவாதம் புடிக்கிறீங்க, போங்களேன்" என்றாள் லெட்சுமி.

நான் கயிற்றை விடவில்லை. காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன். அவர் கையில் கொடுத்தால் அது அவர் கயிறாகிவிடும் என்று நினைத்தேன். நீச்சல் அவருடையது, மீன் அவருடையது, சிரிப்பு அவருடையது. இது ஒன்றாவது என் இடுப்பில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குக் காற்று எழும்பியது. தண்ணீர் சுருக்கம் விழுந்து கலங்கியது. "ஏறுங்க, ஏறுங்க, இனிப் படகு ஆடும்" என்று ரிஸ்வான் அவசரப்படுத்தினான். அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் வேனில் மீன் பேச்சு. ஒவ்வொருத்தியும் ஒரு நிறம் சொன்னாள். நான் கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இடுப்பில் படங்கையும் மீறிக் கயிற்றுத் தடம் ஒரு வாரம் இருந்தது.

பத்திரிகையில் வந்த படம்

சில வாரங்கள் கழித்து இதே பத்திரிகையில் சம்பந்தியின் கட்டுரை வந்தது. நீங்களும் படித்திருப்பீர்கள். மலையகப் பெண்கள் முதல் முறையாகக் கடலுக்குள் முகம் வைத்த கதை. எழுத்துக் கூட்டிக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆமை இருந்தது. கத்திரிப்பூ மீன் இருந்தது. மதினி சொன்ன தொரை பார்வைகூட இருந்தது. நடுவில் ஒரு வரி: 'என் ஆசிரிய அனுபவம் அன்று கைகொடுத்தது. ஒரு கயிற்றையே வகுப்பறையாக்கினேன்.'

மேலே படம். ஒன்பது பேரும் வரிசையாக மிதக்கிறார்கள். கயிறு இடது பக்கமாக ஓடி, படத்தின் ஓரத்தில் முடிகிறது. அந்த ஓரத்தில் நீலப் படங்குத் துணி கொஞ்சம், ஒரு முழங்கை.

அந்த முழங்கை என்னுடையது.

போன் எடுத்தேன். லெட்சுமி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"கட்டுர படிச்சேன் சம்பந்தி."

"எப்பிடி இருந்திச்சிங்க?"

"நல்லா இருந்திச்சி. ஒரு ஆளத்தான் காணோம்."

"நான் எழுதியிருந்தேன் சம்பந்தி. ஒங்களப் பத்தி ஒரு பந்தியே இருந்திச்சி. எடமில்லன்னு சுருக்கிட்டாங்க போலருக்கு."

"ஒங்க பேருக்கு எடம் இருந்திச்சே."

அதற்கு அவர், "கலா இந்தா நிக்கிது, பேசுறீங்களா?" என்றார்.

லெட்சுமி போனை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். மகளோடு பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னாள். "அந்த வீட்டுல நம்ம புள்ள இருக்கு. ஒரு கயித்துக்காக வாய விட்டுடாதீங்க."

வாயை விடவில்லை. அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

கடைக்கு வந்தவர்

அப்போதும் பேசாமல்தான் இருந்திருப்பேன். போன வாரம் நமுனுகுல பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார்.

"அண்ணே, மாஸ்டர் கயிறு இருக்கா?"

"அது என்னா கயிறு?"

"கடலுக்குக் கொண்டுபோறது. முடிச்சுப் போட்டது. பத்திரிகையில படம் வந்திச்சே. எங்க பொம்பளைங்க இருபது பேரு போறாங்க. மாஸ்டரும் கூட வாறாரு."

சுருளை இறக்கினேன். அளந்து வெட்டினேன். நாலு முழத்துக்கு ஒரு முடிச்சாக இருபது முடிச்சும் போட்டேன். அந்த மனிதர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன மொழத்துக்கு ஒண்ணுன்னு ஒங்களுக்கு எப்பிடிண்ணே தெரியும்? பத்திரிகையில அது போடலையே."

கடைக்குள் லெட்சுமி ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"படத்தப் பாத்துக் கணக்குப் போட்டேன்" என்றேன்.

வாழ்க்கையில் வியாபாரத்துக்காகச் சின்னச் சின்னப் பொய் சொல்லியிருக்கிறேன். என் கையால் செய்ததை நான் செய்யவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் போனபிறகு அன்றைக்கு ஒரு தையல்கூட ஓடவில்லை.

ஆகவே பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கை இதுதான். சம்பந்தி எழுதிய அந்தப் பந்தி உங்களிடம் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் முழுப் படத்தையாவது போடுங்கள், ஓரம் வெட்டாமல். அதன் கீழே இப்படி எழுத வேண்டும்: 'நெரை என்று யோசித்தவர், கயிறு கொண்டுவந்தவர், முடிச்சுப் போட்டவர், மூன்று தடவையும் பிடித்து நின்றவர், பதுளை படங்குக் கடை வீரமுத்து.' நான்கையும் போட வேண்டும். ஒன்றைக்கூடச் சுருக்கக் கூடாது.

சம்பந்திக்கும் ஒன்று சொல்கிறேன். நேரில் சொன்னால் சண்டையாகும், எழுத்தில் என்றால் நீங்கள் மதிப்பீர்கள். நமுனுகுல ஆட்களோடு அந்தத் தீவுக்கு நானும் வருகிறேன். அந்த மணலில் கட்டை நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை கயிற்றை நீங்கள் பிடியுங்கள், முதல் முடிச்சை நான் பிடிக்கிறேன். இருபது பெண்களும் தண்ணீரில் இறங்குமுன், பெரட்டுப் போடும்போது, எல்லோர் காதிலும் விழும்படி நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும்: இது வீரமுத்து போட்ட நெரை, நான் இன்றைக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று.